தெக்கினியில் ஒலித்த தமிழ்

1995-ஆம் ஆண்டு. பெருங்குருமடத்தின் பொழுதுபோக்கு அறையில், ஒரு சனிக்கிழமை இரவு உணவுக்குப் பின், கேரள நண்பர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த வீடியோ நாடா ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. படம் ‘மணிச்சித்திரத்தாழ்’. எனக்கு அந்நாளில் மலையாளம் பாதிதான் புரியும். மீதியை நடிப்பவர்களின் முகங்களைக் கொண்டு ஊகித்துக்கொள்வேன். படத்தின் பிற்பகுதியில், அதுவரை மலையாளத்தில் மென்மையாகப் பேசிக்கொண்டிருந்த கதைத்தலைவி, கண்கள் விரிய, குரல் மாற, தமிழில் சீறத் தொடங்கினாள். அந்தக் கணத்தில் அறையிலிருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. “உங்கள் தஞ்சாவூர்க்காரி வந்துவிட்டாள்” என்றார் ஒரு நண்பர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

2024 ஆகஸ்டில் அப்படம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. அச்செய்தியை வாசித்த எங்கள் பங்கு இளைஞர் ஒருவர், “‘சந்திரமுகி’க்கு மூலம் இதுதானாம், ஃபாதர்” என்று சொல்லி, சம்பா நடவுக் காலத்து மழை இரவொன்றில், பங்கு இல்லத்திலேயே தம் மடிக்கணினியில் போட்டுக் காட்டினார். வெளியே வயல்களில் தவளைகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. தஞ்சாவூர்க்காரி மறுபடியும் வந்தாள். இம்முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உளப்பகுப்பாய்வு என்னும் கலை பிறந்த நாள்களைப் பற்றி மேலைநாட்டார் சில நல்ல படங்களை எடுத்திருக்கிறார்கள். 1962-இல் ஜான் ஹூஸ்டன் இயக்கிய ‘ஃபிராய்ட்’ அவற்றுள் ஒன்று. 2011-இல் டேவிட் குரோனென்பெர்க் இயக்கிய படம், யுங், ஃபிராய்ட் என்னும் இரு மேதைகளுக்கும், நோயாளியாக வந்து பின்னர் மருத்துவராகவே உயர்ந்த சபீனா ஸ்பீல்ரைன் என்னும் பெண்ணுக்கும் இடையே நிகழ்ந்தவற்றைச் சொல்வது. பழங்கால உடைகளும் குதிரை வண்டிகளுமாக அப்படங்கள் வரலாற்றைப் பெயர் சொல்லிக் காட்டுகின்றன. பாசில் இயக்கி, மது முட்டம் எழுதி, 1993-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வெளிவந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ ஒரு பெயரையும் சொல்லவில்லை. ஆயினும் வியன்னாவில் நடந்த அதே நாடகம் நம் மண்ணில், நம் வீட்டுக் கூடத்தில், நம் மொழியில் நடந்தால் எப்படியிருக்கும் என்பதை இதைவிட நெருங்கிக் காட்டிய இந்தியப் படம் எனக்குத் தெரிந்தவரை வேறில்லை. ஓர் இளம்பெண் நோயுறுகிறாள். தனதல்லாத குரலில் பேசுகிறாள். ஊர் பேய் என்கிறது. தொலைதூரத்திலிருந்து ஒரு மருத்துவன் வருகிறான்.

கதையை அறியாதவர்க்காகச் சிறிது சொல்கிறேன். கல்கத்தாவிலிருந்து நகுலனும் அவன் மனைவி கங்காவும் மாடம்பள்ளி என்னும் மூதாதையர் மாளிகைக்கு வருகின்றனர். அம்மாளிகையின் தென்கட்டு அறைக்குத் ‘தெக்கினி’ என்று பெயர். அதை யாரும் திறப்பதில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு, அவ்வீட்டுக் காரணவரான சங்கரன் தம்பி, தஞ்சாவூரிலிருந்து நாகவல்லி என்னும் நாட்டியக்காரியைக் கொண்டுவந்து அங்கே வைத்திருந்தார். அவள் மனமோ இராமநாதன் என்னும் ஆடற்கலைஞனிடம் இருந்தது. அதையறிந்த தம்பி, துர்க்காஷ்டமி இரவில் அவளைக் கொன்றார். பழிவாங்கத் துடித்த அவளது ஆவியை மாந்திரீகர்கள் அவ்வறையில் அடைத்து, சித்திர வேலைப்பாடு கொண்ட பூட்டால் பூட்டினார்கள் என்பது ஐதீகம். கங்கா மாற்றுச் சாவி செய்வித்து அதைத் திறக்கிறாள். அதன்பின் வீட்டில் விபரீதங்கள் நிகழ்கின்றன. நகுலனின் நண்பரான மனநல மருத்துவர் சன்னி ஜோசப் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்கிறார்.

இந்தப் படத்தின் நேர்மையை முதலில் பாராட்ட வேண்டும். பேய்ப்படம் எடுப்பவர்கள் கையாளும் மலிவான தந்திரம் ஒன்று உண்டு: முக்கால் படம்வரை ஆவியைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு, இறுதியில் எல்லாம் கனவு என்பார்கள். பாசில் அப்படிச் செய்யவில்லை. உண்மையான ஆவி ஒன்றுகூட இப்படத்தில் இல்லை. கங்கா தனித்திருக்கும் காட்சிகளில் அவள் பார்வை எங்கோ நிலைகுத்துவதும், பழங்கதையைக் கேட்கும்போது அவள் மற்றவர்களைவிட ஒரு கணம் அதிகமாக மௌனம் காப்பதும் தொடக்கத்திலேயே நம் முன் வைக்கப்படுகின்றன. இரண்டாம் முறை பார்க்கிறவர்க்குத்தான் அவை கண்ணில் படும். ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது அந்த மௌனங்களுக்காகவும்தான் என்பது என் எண்ணம். அவள் வெளியே செல்ல விரும்புகையில் கணவன் வேண்டாமென்று தடுக்கும் காட்சியை யாரும் மறக்க இயலாது. முகத்தின் ஒரு தசைநார் அசைகிறது. அடுத்து கனத்த கட்டில் ஒரு கையால் தூக்கப்படுகிறது. கங்கா இல்லை; நாகவல்லி நிற்கிறாள். பூசப்பட்ட முகமோ, ஒளித் தந்திரமோ அக்காட்சிக்குத் தேவைப்படவில்லை.

தஞ்சைக்காரன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாகவல்லி கற்பனை, ஆனால் அவள் நடந்துவந்த பாதை கற்பனையன்று. மராட்டிய மன்னர் சரபோஜி காலத்துத் தஞ்சை அரசவையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வர் சகோதரர்கள் இன்றைய பரதநாட்டியத்திற்கு வடிவம் தந்தார்கள். அவர்களுள் இளையவரான வடிவேலு, சுவாதித் திருநாள் மன்னரின் திருவிதாங்கூர் அரசவைக்குச் சென்றார். தஞ்சையிலிருந்து இசையும் நடனமும் மலைகடந்து சென்ற அக்காலத்தில், அவற்றைத் தம் உடலில் சுமந்த பெண்களும் சென்றார்கள். திருவனந்தபுரத்தில் ‘தஞ்சாவூர் அம்மவீடு’ என்னும் பெயரிலேயே ஒரு மாளிகை உண்டு. கலையைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம். அக்கலையைச் சுமந்துசென்ற பெண்களிடம் யாராவது விருப்பம் கேட்டார்களா என்பது வேறு செய்தி. மாயவரத்தை அடுத்த மூவலூரைச் சேர்ந்த இராமாமிர்தம் அம்மையார், தாமும் அவ்வழக்கத்திற்குள் தள்ளப்பட்டவராய் இருந்து, அதை ஒழிக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டாரே, அவரிடம் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும்.

(இடையே ஒரு வேடிக்கை: மாடம்பள்ளியாக நாம் படத்தில் காண்பதில் ஒரு பகுதி பத்மநாபபுரம் அரண்மனை. அது இருப்பது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில். பராமரிப்பதோ கேரள அரசு. எல்லைக்கோடு எங்கே என்று கட்டடத்துக்கும் தெரியாது, நாகவல்லிக்கும் தெரியாது.)

படத்தில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி, மருத்துவர் சன்னியும் புல்லாட்டுப்பறம்பில் பிரம்மதத்தன் நம்பூதிரிப்பாடும் சந்திக்கும் இடம். பேயோட்ட வந்த மாந்திரீகரும் மனநோய் தீர்க்க வந்த மருத்துவரும் மோதப்போகிறார்கள் என்று நாம் காத்திருக்கிறோம். அவர்களோ ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்தவர்கள்; கைகோத்துக்கொள்கிறார்கள். முஸ்லிம் இயக்குநர் ஒருவர், கிறிஸ்தவப் பெயர் தாங்கிய மருத்துவரையும் இந்து மாந்திரீகரையும் ஒரு பெண்ணின் நலத்துக்காக ஒரே அறையில் உட்காரவைத்தது 1993-இல் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதற்கு முந்திய ஆண்டின் டிசம்பரில் நாடு என்ன பாடுபட்டது என்பதை நம் தலைமுறை அறியும்.

வரலாற்றில் இச்சந்திப்பு உண்மையாகவே நிகழ்ந்தது; ஆனால் இவ்வளவு இனிமையாக அன்று. அதில் இருந்தவர் ஒரு பங்குத்தந்தை என்பதால் எனக்கு அதில் தனி அக்கறை. யோஹான் யோசப் காஸ்னர் என்னும் ஆஸ்திரியக் குரு 1774, 1775-ஆம் ஆண்டுகளில் தென்ஜெர்மனியில் பேயோட்டிப் பெரும்புகழ் பெற்றார். எல்வாங்கன் என்னும் ஊரில் ஆயிரக்கணக்கானோர் அவரைத் தேடிக் குவிந்தனர். ஆனால் அவர் கண்மூடித்தனமாக யாருக்கும் பேயோட்டவில்லை. முதலில், இயேசுவின் பெயரால், நோயின் அறிகுறிகள் தம் முன்னே தோன்றுமாறு கட்டளையிடுவார். தோன்றினால் அது தீய ஆவியின் செயல் என்று கொள்வார். தோன்றாவிட்டால் அந்த நோயாளியை மருத்துவரிடம் அனுப்பிவிடுவார். அதே 1775-இல் பவாரியாவுக்கு அழைக்கப்பட்ட மெஸ்மர் என்னும் மருத்துவர், காஸ்னர் பேயோட்டாமலேயே குணப்படுத்துகிறார், தம்மையறியாமல் ஒருவகைக் காந்த ஆற்றலைக் கையாளுகிறார் என்று சான்றளித்தார். அரசரும் திருத்தந்தை ஆறாம் பயசும் காஸ்னரின் பணிக்குக் கடிவாளமிட்டனர். அவர் போண்டோர்ஃப் என்னும் சிறிய பங்குக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே 1779-இல் இறந்தார். மெஸ்மரின் காந்தம் ஹிப்னாட்டிசமாயிற்று. அது நூறாண்டு கழித்து வியன்னாவில் புரூயர், ஃபிராய்ட் ஆகியோரின் கைக்கு வந்தது. உளப்பகுப்பாய்வின் வம்சாவளியை எழுதிய வரலாற்றாசிரியர் எல்லன்பெர்கர், அதன் தொடக்கத்தை 1775-இல், காஸ்னர் மெஸ்மர் மோதலில்தான் வைக்கிறார். அறிவியலின் குடும்ப மரத்தில் அடிவேராக ஒரு பங்குத்தந்தை இருக்கிறார்!

இனி இப்படத்தின் மையமாகிய மொழிக்கு வருகிறேன்.

1614-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூல், ஒருவரைத் தீய ஆவி பிடித்துள்ளது என்று எளிதில் நம்பிவிடாதே என்றுதான் குருவை முதலில் எச்சரிக்கிறது. மனச்சோர்வு நோயால் வருந்துவோரையும் வேறு பிணியாளரையும் பிரித்தறியச் சொல்கிறது. அதன்பின் அது தரும் அடையாளங்களுள் ஒன்று, அறியாத மொழியைப் பேசுதல். நம் ஊர்களிலும் இதே இலக்கணம்தான். “பாஷை மாறிப் பேசுகிறாள்” என்று தாய் அழுதுகொண்டு வந்தால், அவ்வீட்டார் தீர்ப்பெழுதிவிட்டார்கள் என்று பொருள். மாடம்பள்ளியிலும் அப்படியே. மலையாள வீட்டில் ஒரு பெண் தமிழ் பேசினால் போதும், பேய் வந்துவிட்டது.

உளப்பகுப்பாய்வின் முதல் நோயாளி எனப் போற்றப்படும் பெண்ணும் இதேபோல மொழி மாறியவர்தான். நூல்களில் ‘அன்னா ஓ’ என்று வழங்கப்பட்ட அவரது இயற்பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். வியன்னாவின் வசதியான யூதக் குடும்பத்தில் 1859-இல் பிறந்தவர். 1880-இல் நோயுற்ற தந்தைக்கு இரவுபகலாகப் பணிவிடை செய்தபோது தாமும் நோயுற்றார். கை செயலிழந்தது; பார்வை மங்கியது; ஒரு கட்டத்தில் தாய்மொழியாகிய ஜெர்மன் முற்றிலும் மறந்துபோய், ஆங்கிலம் மட்டுமே பேசினார். மருத்துவர் யோசப் புரூயர் செய்தது வியப்பானது. மாலைதோறும் சென்று அமர்ந்து, அவர் சொன்னவற்றையெல்லாம், அவர் பேசிய மொழியிலேயே கேட்டார். சொல்லச் சொல்ல நோய்க்குறிகள் தளர்ந்தன. அதற்குப் ‘பேச்சு மருத்துவம்’ என்று பெயரிட்டவர் மருத்துவரல்லர்; நோயாளியே. அதையும் அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். புரூயரும் ஃபிராய்டும் 1895-இல் அவ்வரலாற்றை நூலில் எழுதினர். அந்நூல் சொல்வதுபோல் அவர் முழுமையாகக் குணமடைந்துவிடவில்லை. 1882-இல் சுவிட்சர்லாந்தின் குரோய்ட்ஸ்லிங்கன் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார் என்பது பின்னாளில் ஆவணங்களால் தெரியவந்தது. ஆனால் அதோடும் அவர் கதை முடியவில்லை. 1904-இல் ஜெர்மனியின் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார். விபசாரத்துக்காக விற்கப்பட்ட பெண்களையும் ஆதரவற்ற தாய்மாரையும் மீட்பதற்கு 1907-இல் இல்லம் திறந்தார். சொந்த மொழியை இழந்து கிடந்த பெண், பிற்காலத்தில் வாயற்ற பெண்களுக்காகப் பேசினார்.

புரூயரின் நாற்காலியைச் சன்னி ஜோசப்பின் பரபரப்போடு ஒப்பிட்டால் படத்தின் குறை விளங்கும். சன்னி கூர்மையானவர், துணிச்சல்காரர், நகைச்சுவை மிக்கவர். கங்காவின் பிறந்த ஊர்வரை சென்று, அவளது குழந்தைப் பருவத்தைத் தெரிந்துகொள்கிறார். பெற்றோர் பிழைப்புக்காகத் தொலைநகர் சென்றுவிட, பாட்டியிடம் வளர்ந்தவள் அவள். ஒருநாள் அவர்கள் திடீரென்று வந்து அழைத்துப்போக முனைந்தபோது மனம் உடைந்தவள். (பேரக் குழந்தைகளைப் பாட்டிமாரிடம் விட்டுவிட்டுத் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போன பெற்றோர் எங்கள் பங்கில் தெருவுக்குத் தெரு உண்டு. இந்தக் காட்சியின்போது மடிக்கணினி கொண்டுவந்த இளைஞர் தலையைக் குனிந்துகொண்டார்.) இவ்வளவும் தெரிந்துகொண்ட மருத்துவர், அதை யாரிடம் சொல்கிறார்? கணவனிடமும் குடும்பத்தாரிடமும். கங்கா அங்கே இல்லை. அவள் கதையை அவளைத் தவிர மற்ற எல்லோரும் கேட்கிறார்கள்.

நாகவல்லியிடமோ அதுவும் இல்லை. துர்க்காஷ்டமி இரவில் மருத்துவரும் மாந்திரீகரும் சேர்ந்து ஒரு தந்திரம் செய்கிறார்கள். புகைமறைவில் நகுலனை நகர்த்திவிட்டு, அவ்விடத்தில் ஒரு பொம்மையை வைத்து, தம்பியைப் பழிதீர்த்துவிட்டதாக நாகவல்லியை நம்பவைக்கிறார்கள். அவள் ஓய்ந்ததும் சன்னி கங்காவை அறிதுயிலில் ஆழ்த்தி, பழைய கங்காவாக எழுப்புகிறார். திரைக்கதை என்ற வகையில் அருமையான முடிவு, கைதட்டினேன். அறநெறி இறையியல் பயின்றவன் என்ற வகையில் சற்றே நெளிந்தேன். நோயாளியை ஏமாற்றி நலமாக்கலாமா என்ற கேள்வியைக்கூட விட்டுவிடுகிறேன். எனக்கு நெருடுவது வேறு. நாகவல்லி சொன்னவற்றில் பொய் ஒன்றும் இல்லையே. தன்னைத் தூக்கிவந்தார்கள், காதலனைப் பிரித்தார்கள், கொன்றார்கள் என்கிறாள். மாடம்பள்ளி வீட்டார்க்கு அது நெடுநாளாகத் தெரிந்த கதைதான். அந்த வீடு செய்த பாவத்தை அந்த வீட்டில் வாய்விட்டுச் சொன்ன ஒரே குரல் அவளுடையது. அதை நோய் என்று பெயரிட்டு, பொம்மையைக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். அவ்வீட்டில் ஒருவரும், “ஆம், எங்கள் முன்னோன் உனக்குத் தீங்கு செய்தான்” என்று சொல்லவில்லை. கங்கா ஏன் நாகவல்லியைத் தேர்ந்துகொண்டாள், விருப்பம் கேட்கப்படாமல் பிடுங்கி எடுத்துச்செல்லப்பட்ட ஒரு பெண் மற்றொருத்தியின் வாயால் ஏன் பேசினாள் என்ற கேள்வியைப் படம் வாசல்வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் திரும்பிவிடுகிறது.

இப்படம் பிறமொழிகளுக்குப் போன கதை இதனை உறுதிப்படுத்துகிறது. 2004-இல் பி. வாசு கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ என எடுத்தார். 2005-இல் அவரே தமிழில் ‘சந்திரமுகி’ ஆக்கினார். 2007-இல் பிரியதர்ஷன் இந்தியில் ‘பூல் புலையா’ எடுத்தார். மலையாள வீட்டில் அடைபட்டவள் தமிழ் பேசினாள். கன்னட வீட்டிலும் தமிழ் வீட்டிலும் அடைபட்டவள் தெலுங்கு பாடினாள். இந்தி பேசும் இராஜஸ்தான் மாளிகையில் அடைபட்டவள் வங்காளி. ஒவ்வொரு மொழியாரும் தம் வீட்டுத் தென்கட்டில் அயல்மொழிப் பெண் ஒருத்தியைப் பூட்டிவைத்திருக்கிறார்கள். தஞ்சாவூர்க்காரி அங்கே பேயானாள் என்று நான் வருந்தினால், ஆந்திரத்துக்காரி இங்கே பேயானதை எந்த முகத்தோடு இரசித்தேன் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ‘சந்திரமுகி’யில் ஜோதிகா தம் வாழ்நாளின் சிறந்த நடிப்புகளுள் ஒன்றைத் தந்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே மருத்துவர், ரஜினிகாந்த் ஆகிவிட்டார். சண்டையும் பாட்டும் நையாண்டியுமாக அவரே படத்தை நிறைத்துக்கொண்டபின், நோயாளிக்கு எஞ்சியது குறைவே. மூலப்படத்தில் மோகன்லாலும் பெருநட்சத்திரம்தான்; ஆயினும் இடைவேளை நெருங்கும்வரை படத்தில் தலைகாட்டாமல், பெண்ணுக்கு இடம்விட்டுக் காத்திருந்தார்.

குரலைப் பற்றி இன்னொரு செய்தி. கங்காவின் மலையாளத்துக்குக் குரல் கொடுத்தவர் பாக்கியலட்சுமி. நாகவல்லியின் தமிழுக்குக் குரல் கொடுத்தவர் வேறொருவர்: தமிழ்ப் பின்னணிக் குரல் கலைஞர் துர்கா. ஒரே முகத்தில் இரு பெண்கள் பேசினார்கள் என்பது கதைக்கு எவ்வளவு பொருத்தம்! ஆனால் துர்காவின் பங்கை இயக்குநர் வெளிப்படையாக எழுதியது 2016-இல்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தமிழ்க் குரலுக்குப் பெயரில்லை.

இவ்வளவும் எழுதும் நான் யாரையும் குற்றம்சாட்டும் தகுதியுடையவன் அல்லன். 2012-ஆம் ஆண்டு, வேறொரு பங்கில் பணியாற்றிய காலம். ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் நவநாளுக்குப் பின், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியைத் தாயும் அண்ணனும் இழுத்துவந்தார்கள். கல்யாணத்துக்குப் பணம் சேர்ப்பதற்கென்று மேற்கே ஒரு நூற்பாலையில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடப்பட்டு, பாதியில் திரும்பியவள். இரவில் குரல்மாறிக் கத்துகிறாள் என்றார்கள். என் முன்னாலும் கத்தினாள். கட்டளையிடும் முரட்டுக் குரல்: “எழுந்திரு, எழுந்திரு, மிஷின் நிற்குது” என்று. கூடவே ஏதோ எண்களை வரிசையாகச் சொன்னாள். கூட்டம் பின்வாங்கியது. நான் தலைமேல் கைவைத்துச் செபித்து, புனித நீர் தெளித்தேன். அடங்கினாள். அனைவரும் அந்தோனியாருக்கு நன்றி சொன்னார்கள். தாய் என் காலில் விழுந்தார். முறையான பேயோட்டும் சடங்கு எதையும் நான் செய்யவில்லை. அதற்கு ஆயரின் தனி அனுமதி வேண்டும், மருத்துவ வல்லுநரைக் கலந்துகொள்ளவும் 1999-இன் புதிய சடங்குமுறை அறிவுறுத்துகிறது என்றெல்லாம் எனக்குத் தெரியும். சட்டப்படி நான் தவறு செய்யவில்லை. ஆனால், “அது யார் குரல், அம்மா?” என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கேட்டவர் எங்கள் பங்கின் கிராமச் சுகாதாரப் பணியில் இருந்த வயதான அருட்சகோதரி. களத்துமேட்டில் அவளோடு உட்கார்ந்து வாரக்கணக்கில் கேட்டார். அந்தக் குரல், இரவுப் பணிக்கு விடுதிப் பெண்களைத் தட்டியெழுப்பிய மேற்பார்வையாளரின் குரல். எண்கள், அவள் ஓடவேண்டிய கதிர்களின் எண்கள். அதற்கு மேலும் அங்கே நிகழ்ந்தவை உண்டு. அவை அவளுக்குச் சொந்தமானவை, இங்கே எழுதமாட்டேன். அருட்சகோதரியே அவளைத் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போனார். மாத்திரையும் வேண்டியிருந்தது, பேச்சும் வேண்டியிருந்தது.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை அதன்பின் பலமுறை படித்தேன். கல்லறைகளுக்கிடையே சங்கிலியை அறுத்துக்கொண்டு திரிந்தவனிடம் ஆண்டவர் பெயரைக் கேட்கிறார். குணமான அவன் அவரோடு வர வேண்டுகிறான். அவரோ, வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் உன் மக்களிடம் சொல் என்று அனுப்புகிறார். தெளிவு பெற்றவனுக்குத் தரப்பட்டது மறதி அன்று, சொல்லும் பணி. 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது சங்கிலியில் கிடந்த மனநோயாளர் 28 பேர் மாண்டார்கள். சங்கிலியிடுவதை 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துவிட்டது. பெயர் கேட்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் எதுவும் இல்லை. மாடம்பள்ளியில் கங்கா கண்விழிக்கும்போது தனக்கு நேர்ந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. எல்லோரும் நிம்மதியாகச் சிரிக்கிறார்கள்.

அப்பெண்ணுக்குத் திருமணமாகிவிட்டது. இப்போது கும்பகோணம் பக்கம் இருக்கிறாள், தையல் தைக்கிறாள். சென்ற ஆண்டு தாய்வீட்டுக்கு வந்தவள் என்னையும் தேடிவந்து பார்த்தாள். இப்படத்தைப் பற்றி எழுத எண்ணியிருப்பதையும், தன் கதையையும், அடையாளம் மறைத்து, சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சரி என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, மில் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் ‘சந்திரமுகி’யை எத்தனையோ தடவை போடுவார்கள் என்றாள். பயந்தீர்களா என்று கேட்டேன்.

“பயமா? அந்தக் கட்டிலைத் தூக்குற இடத்துல விடுதியே எழுந்து நின்னு கைதட்டும், ஃபாதர்.”